ராஜ்தூத் 350 மறுபடி ஓட வேண்டும்: ஒரிஜினல் சாமானா, ஒரிஜினல் மாதிரி சாமானா?

கோரையாறு எழுதியது:

வணக்கம். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில் கோரையாற்றுக் கரையில் எங்கள் ஊர். சித்தப்பாவிடம் ஒரு ராஜ்தூத் 350 பைக் இருக்கிறது, 1986ல் வாங்கியது, எல்.டி. (லோ டார்க், இழுவை குறைத்த) வகை. 2005 கடைசியில் ஓடி நின்றது. அப்புறம் நெல் மூட்டை அடுக்கும் கொட்டகையில் ஓரமாகச் சாய்த்துவிட்டு மேலே ஒரு படுதாவைப் போட்டதோடு சரி. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது கொட்டகைச் சட்டம் சரிந்து டேங்கின் மேல் விழுந்தது. தென்னை அத்தனையும் வேரோடு சாய்ந்த வருடம் அது, வண்டிக்கு யார் அழுவது.

இப்போதுதான் வெளியே இழுத்தேன். கிக்கர் இறங்கவே இல்லை. இரண்டு பிளக்கையும் கழற்றி உள்ளே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி வைத்தேன், ஐந்தாம் நாள் காலையில் அழுத்தினால் மெதுவாக இறங்கியது. ஆனால் சுற்றும்போது இடது பக்கம் மணலை அரைப்பது போல ஒரு சத்தம். மற்றபடி டேங்க் உள்ளேயும் வெளியேயும் துரு, ஒயரிங்கை எலி தின்றுவிட்டது, இரண்டு சைலன்சரும் அடிப்பக்கம் ஓட்டை, 2டி (டூஸ்ட்ரோக்) ஆயில் டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாய் தொட்டால் வெல்லப்பாகு மாதிரி கையில் ஒட்டுகிறது.

சாமான் விசாரித்ததில் தலை சுற்றுகிறது. சென்னையில் ஒருவர் அந்தக் காலத்து அட்டைப்பெட்டியோடு கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) வைத்திருக்கிறேன், 55 ஆயிரம் என்கிறார். இன்னொருவர் பிஸ்டன், ரிங், ஆயில் சீல், பாயிண்ட் (பிளக்கில் நெருப்பு வர வைக்கும் சுவிட்ச்), கண்டன்சர், பிரேக் ஷூ, சைலன்சர் ஜோடி எல்லாம் சேர்த்து 'ஒரிஜினல் மாதிரியே' 26 ஆயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார். என் கையில் மொத்தமே ஒன்றரை லட்சம்தான், அதுவும் உளுந்து நல்ல விலைக்குப் போனதால் வந்தது. எதை ஒரிஜினலாக வாங்க வேண்டும், எதை மாதிரியில் தேற்றலாம்? முன் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் போடச் சொல்கிறார்களே, போடலாமா?

சித்தப்பாவுக்கு 74 வயது. முழங்கால் போய்விட்டது, கிக்கர் உதைக்க முடியாது. நீ ஓட்டு, நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன், பெயிண்ட் எந்தக் கலரானாலும் அடித்துக்கொள், சத்தம் மட்டும் மாறக் கூடாது என்று சொல்லிவிட்டார். தை பிறப்பதற்குள் ஓட வைக்க ஆசை.

லேத்துப்பட்டறை கும்பகோணம் எழுதியது:

தம்பி, சித்தப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டார், அதையே பிடித்துக்கொண்டு போங்கள். டூஸ்ட்ரோக்கில் சத்தம் என்பது தனியாக வருவதில்லை, கிராங்க்கும் போரும் (சிலிண்டரின் உள்துளை) டைமிங்கும் (பிளக் நெருப்பு விடும் நேரம்) சைலன்சரின் உள்ளே இருக்கும் கூம்பும் சேர்ந்துதான் அந்தச் சத்தம். காசை அந்த நாலு இடத்தில் போடுங்கள். பெயிண்ட், குரோம், மீட்டர் கண்ணாடி எல்லாம் அடுத்த அறுவடைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

55 ஆயிரம் கிராங்க்கை வாங்காதீர்கள், உங்கள் கிராங்க்கை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லையே. ராஜ்தூத் 350 என்பது ஜப்பானில் 1973ல் வந்த யமஹா ஆர்டி350ஐ வைத்து இங்கே எஸ்கார்ட்ஸ் 1983 முதல் செய்த வண்டி. 347 சிசி, இரண்டு சிலிண்டர், ஆறு கியர். கிராங்க் ஒரே துண்டு கிடையாது, பல துண்டுகளைப் பிரஸ்ஸில் அழுத்திக் கோர்த்தது. நாலு பேரிங், இரண்டு ஓரத்திலும் ஆயில் சீல், நடுவில் இரண்டு சிலிண்டருக்கும் இடையே ஒரு தடுப்பு. மணல் அரைக்கிற சத்தம் பெரும்பாலும் பேரிங்கில் துரு பிடித்ததால் வருவது. நல்ல ஆளிடம் கொடுத்தால் பிரித்து, கனெக்டிங் ராடும் பேரிங்கும் புதிதாகப் போட்டு மறுபடி அழுத்தித் தருவார். தந்ததும் அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இரண்டு முனையையும் சென்டரில் வைத்துச் சுற்றவிட்டு டயல் கேஜ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். டயல் கேஜ் இல்லை, கண்ணால் பார்த்தாலே தெரியும் என்று ஒருவர் சொன்னால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

ஆயில் சீல் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வலது ஓரம் கிளட்ச் பக்கம், அந்த சீல் போனால் கியர் ஆயிலை வலது சிலிண்டர் உறிஞ்சும், வலது சைலன்சரில் கொசு மருந்து அடித்த மாதிரி வெள்ளைப் புகை வரும். அது பரவாயில்லை, புகை வந்து சொல்லிவிடுகிறது. இடது ஓரம் டைனமோ பக்கம், அந்த சீல் போனால் வெளிக்காற்றை உறிஞ்சும், புகையும் வராது ஒன்றும் வராது, வண்டி கொஞ்ச நேரம் இன்னும் ஜோராகக்கூட ஓடும், அப்புறம் இடது பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். சித்தப்பாவைப் பின்னால் வைத்துக்கொண்டு அறுபதில் போகும்போது பின் சக்கரம் பூட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து போர். நம் பக்கத்து லேத்துகள் எல்லாம் பம்புசெட் என்ஜினில் கை பழகியவை, போர் அடிப்பதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பம்புசெட் ஃபோர்ஸ்ட்ரோக். இந்தச் சிலிண்டரில் சுவரிலேயே ஜன்னல் ஜன்னலாகப் போர்ட் இருக்கும். போர் அடித்து முடித்ததும் அந்த ஜன்னல் விளிம்பு பிளேடு மாதிரி நிற்கும், அதைச் சுற்றிலும் லேசாகச் சாய்த்துத் தேய்த்துவிட வேண்டும். தேய்க்காவிட்டால் ரிங் போய் அந்த விளிம்பில் மாட்டி உடையும். எங்கள் அப்பா காலத்தில் பட்டறைக்கு வந்த ஆர்டிகளில் பாதி இந்த ஒரு காரணத்துக்காகத்தான் இரண்டாம் முறை வந்தன, முதல் முறை வேறு எங்கோ போர் அடித்திருப்பார்கள்.

பிஸ்டன் 'மாதிரி'யில் வாங்கலாம், ஆனால் முதலில் பிஸ்டனை வாங்கிவிட்டு அப்புறம் போர் அடிக்கக் கொடுங்கள். புதிதில் போர் 64 மில்லிமீட்டர். அதிலிருந்து கால் கால் மில்லிமீட்டராக நாலு ஓவர்சைஸ், கடைசி 65. பெட்டியில் 64.50 என்று போட்டிருப்பான், மைக்ரோமீட்டர் வைத்தால் இரண்டு பிஸ்டனும் இரண்டு அளவு காட்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் விட வேண்டிய இடைவெளி ஒரு தலைமுடி கனத்தைவிடக் குறைவு, அதில் இந்த வித்தியாசம் பெரிது. அதனால் இந்தப் பிஸ்டனுக்கு இந்தச் சிலிண்டர் என்று அளந்து, மார்க்கர் பேனாவால் இ, வ என்று எழுதி வைத்துத்தான் நான் போர் போடுவேன். முடிந்ததும் உடனே ஆயில் தடவிப் பாலிதீனில் சுற்றுங்கள். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி திறந்து வைத்தால் காலையில் செம்மண் நிறம் கண்டுவிடும்.

டூஸ்ட்ரோக் தஞ்சை எழுதியது:

லேத்து அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் எனக்கு ஒரு சந்தேகம், வண்டி ஓட்டுவதற்கா, கொலுவில் வைப்பதற்கா? ஒரிஜினல் ஒரிஜினல் என்று பாயிண்ட் செட்டையும் டிரம்மையும் கட்டி அழுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஜப்பான் ஆர்டிக்கு முன்னால் டிஸ்க்தானே இருந்தது, நம் ஊருக்கு வந்தபோதுதான் டிரம் ஆக்கினார்கள். அப்படிப் பார்த்தால் டிஸ்க் போடுவதுதான் ஒரிஜினல்! நான் என் வண்டியில் டிஸ்க் போட்டிருக்கிறேன், எலக்ட்ரானிக் இக்னிஷனும் போட்டிருக்கிறேன். மூன்று வருடமாகப் பிளக்கைத் தவிர எதையும் தொடவில்லை. வல்லம் பைபாஸில் லாரி குறுக்கே வந்தபோது டிஸ்க் இல்லை என்றால் இப்போது நான் இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

உப்புக்காற்று நாகை எழுதியது:

தஞ்சை அண்ணே, பிரேக் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் டிஸ்க் போட முன்பக்க ஃபோர்க், ஹப் எல்லாமே மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு மாற்றம் பற்றிப் பேசுகிறது, ஆர்.சி. புதுப்பிக்கப் போகிறவர் அதை ஒரு தடவை படித்துவிட்டுப் போவது நல்லது. கோரையாறு அண்ணே, உங்கள் கணக்கைப் பார்த்தால் 1986ல் பதிந்த வண்டி, பதினைந்து வருடம் முடிந்து 2001ல் ஒரு முறை புதுப்பித்திருப்பார்கள், அது 2006 வரை. அதற்குப் பிறகு யாரும் போகவில்லை, சரியா? படிவம் 25 கொடுத்து, பாக்கி வரியும் தாமதக் கட்டணமும் கட்டி, வண்டியை நேரில் காட்ட வேண்டும். சேசிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப் போக வேண்டும் என்பதால் யாராவது 'முழு என்ஜினாகவே தருகிறேன், மாட்டிக்கொண்டு போங்கள்' என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் என்ஜின் கூட்டில் விரிசல் இருந்தாலும் வெல்டிங் வைத்து அதையே காப்பாற்றுங்கள். 2021ல் பழைய வண்டிகளுக்கென்று தனி விதி வந்தது, ஐம்பது வயதைத் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்குத்தான் அது. சித்தப்பா வண்டிக்கு அந்த வயது 2036ல் வரும். அதுவரை எதையும் அறுக்காமல் வைத்திருந்தால் உங்கள் பிள்ளைக்கு உபயோகம்.

இனி என் சொந்தப் புண். நான் இருப்பது கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர். முதல் தடவை செய்தபோது பார்க்க அப்படியே ஒரிஜினல் மாதிரி இருக்கிறதே என்று குரோம் ரிம் இரண்டு வாங்கினேன், பளபளவென்று கண்ணைப் பறித்தது. ஒரு மழைக்காலம்தான். ஸ்போக் நிப்பிள் வரும் ஓட்டையைச் சுற்றிக் குரோம் மீன் செதில் மாதிரி எழும்பிவிட்டது. பழைய துருப்பிடித்த ரிம்மை நல்லவேளை பரணில் போட்டிருந்தேன், அதையே தேய்த்துக் குரோம் பூசி மாட்டியிருக்கிறேன், அடியில் இரும்பு கனமாக இருப்பதால் தாங்குகிறது. கழற்றும் எந்தச் சாமானையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், பழைய நட்டைக்கூட. ஒரு மசாலா டப்பாவில் எண் போட்டு வையுங்கள், மாதிரி சாமானை வாங்கும்போது பக்கத்தில் வைத்து அளக்க வேறு எதுவும் உங்களிடம் இருக்காது.

சைலன்சர் பற்றி: ஓட்டை அடியில் மட்டும்தான் என்றால் மாதிரி ஜோடியை வாங்கவே வாங்காதீர்கள். வெளியே பார்க்க ஒன்றாகத்தான் இருக்கும். டூஸ்ட்ரோக்கில் புகை போகிற வேகத்தில் உள்ளே இருக்கும் கூம்பில் அலை முட்டித் திரும்பி வந்து, வெளியே ஓடப் பார்க்கும் பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே திருப்பித் தள்ள வேண்டும். அந்தக் கூம்பின் நீளமும் சாய்வும் மாறினால் இழுவையும் போகும், சத்தமும் தகர டப்பா ஆகிவிடும். டிங்கரிடம் கொடுத்து அழுகிய பகுதியை மட்டும் வெட்டி, அதே கனத் தகடு வைத்து வெல்டிங் அடித்துவிடுங்கள். அழகாக இருக்காது, அடிப்பக்கம்தானே, யார் படுத்துப் பார்க்கப் போகிறார்கள்.

டேங்க்குக்கு ஜல்லியைப் போட்டுக் குலுக்குவார்கள், வேண்டாம், இருக்கிற ஒடுக்கம் இன்னும் பெரிதாகும். வாஷிங் சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, நடுவில் டேங்க்கைத் தொடாமல் ஒரு இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை டேங்க்கிலும் பாசிட்டிவைக் கம்பியிலும் கொடுத்தால் டேங்க்கின் துரு இளகி உதிர்ந்துவிடும். திறந்தவெளியில் செய்யுங்கள், எழும்பும் நுரையில் ஹைட்ரஜன் இருக்கிறது, பக்கத்தில் பீடிகூடப் பற்றவைக்கக் கூடாது. காய்ந்ததும் உடனே பெட்ரோல் நிரப்புங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் ஊற வைக்கும். அதனால் பெட்ரோல் குழாய், கார்பரேட்டர் ஓரிங், ஊசி இவை மட்டும் ஒரிஜினல் வேண்டாம், எத்தனால் தாங்கும் புதுசாகவே போடுங்கள். இந்த விஷயத்தில் அந்தக் காலத்துப் பெட்டியில் வரும் ரப்பர்தான் மோசம், பெட்டிக்குள்ளேயே நாற்பது வருடம் கிழடாகியிருக்கும்.

குத்தாலம் டு மெல்பர்ன் எழுதியது:

ஊர்ப் பேச்சைப் படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. என்னிடம் இருப்பது பைக் அல்ல, 1972 டட்சன் 240இசட் கார். 2393 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டு கார்பரேட்டர். ஆறு வருடமாக அதோடு மல்லுக்கட்டுகிறேன். வண்டி வேறு, ஆனால் விழுந்த குழி ஒன்றேதான்.

நான் செய்த முதல் தப்பு பெயிண்டை முதலில் அடித்தது. ஆரஞ்சு நிறத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றது. அப்புறம் உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கினேன், கால் வைக்கும் இடத்தில் கீழே தரை தெரிந்தது. பேட்டரி உட்காரும் தட்டுக்கு அடியிலும் அப்படியே. இந்தக் கார்களுக்கு அது பரம்பரை வியாதி, தெரிந்தும் நான் பார்க்கவில்லை. வெல்டிங் வைக்கும்போது அடித்த பெயிண்டில் பாதி கருகியது.

இரண்டாவது, கதவைச் சுற்றி வரும் ரப்பர். 'ஒரிஜினல் போலவே' என்று எழுதியிருந்ததை வாங்கி ஒட்டினேன். ரப்பர் சற்றுத் தடிமன், அவ்வளவுதான். கதவு மூடவில்லை. ஒவ்வொரு முறையும் இறங்கி இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் பூட்டும், என் மனைவி இதில் ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கடைசியில் வேறு ஒரு காரின் ரப்பரைப் பாதிக் காசில் வாங்கிப் போட்டதும் கதவு விரலால் தள்ளினாலே மூடியது. 'மாதிரி' என்ற சொல்லைக் கேட்டதும் எதன் மாதிரி என்று கேட்க வேண்டும், தோற்றத்திலா, அளவிலா, வேலையிலா. மூன்றும் சேர்ந்து ஒரே பெட்டியில் வருவது அபூர்வம்.

ஜப்பான்காரர்கள் இதில் கொடுத்து வைத்தவர்கள். டட்சனைச் செய்த நிசான் 1990களின் கடைசியில் அமெரிக்காவில் பழைய 240இசட் கார்களை வாங்கித் தானே புதுப்பித்து விற்றது, 2017ல் தன் பழைய ஆர்32 ஜிடிஆர் காருக்கு நின்றுபோன சாமான்களை மறுபடி செய்ய ஆரம்பித்தது. மாஸ்டா அதே வருடம் தன் முதல் ரோட்ஸ்டருக்கு மேல் துணி, மர ஸ்டீயரிங், டயர் முதற்கொண்டு திரும்பக் கொண்டுவந்தது. டொயோட்டா 2020ல் பழைய சுப்ராவுக்கு. அந்தச் சாமானைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ராஜ்தூத்துக்கு அப்படி யாரும் வரப் போவதில்லை, அதனால் அளந்து பார்க்கும் வெர்னியர்தான் நமக்குக் கம்பெனி.

கும்பகோணம் அண்ணன் ஒன்றை எழுதவில்லை, நான் கேட்கிறேன்: சுவாமிமலையில் சைடு கவரில் வரும் பெயர் எழுத்தை வார்த்ததாக முன்பு ஒரு முறை சொன்னீர்களே, நடந்ததா?

லேத்துப்பட்டறை கும்பகோணம் எழுதியது:

நடந்தது தம்பி. உடைந்த எழுத்தைக் கொண்டுபோய்த் தெரிந்த ஸ்தபதி ஒருவரிடம் காட்டினேன், அவர் நடராஜர் செய்கிற கை, இதைப் பார்த்துச் சிரித்தார். மெழுகில் பிடித்து, மேலே காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றினார். ஒரிஜினலைவிட அழகாக வந்துவிட்டது, அதுதான் சிக்கல். இந்தப் பக்கம் கம்பெனி எழுத்து, அந்தப் பக்கம் கோயில் வேலைப்பாடு. கடைசியில் இரண்டு பக்கமும் அவரிடமே செய்து வாங்கினேன்.

கோரையாறு தம்பி, பாயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை. தஞ்சைத் தம்பி சொன்ன எலக்ட்ரானிக் தப்பில்லை, பழையதை அறுக்காமல் மாட்டுகிற வகை என்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் உங்களிடம் இருக்கும் பாயிண்ட் பிளேட் ஆட்டம் இல்லாமல் இருந்தால் அதிலேயே ஓடும். சிலிண்டருக்கு ஒரு பாயிண்ட், ஒரு கண்டன்சர், ஒரு காயில் என்று எல்லாமே இரண்டு. இரண்டையும் தனித்தனியாக டைமிங் வைக்க வேண்டும், பிளக் ஓட்டையில் டயல் கேஜை இறக்கி, பிஸ்டன் உச்சிக்கு 2 மில்லிமீட்டர் முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும். பேட்டரி நல்லதாகப் போடுங்கள், இது பேட்டரியிலிருந்துதான் நெருப்பு எடுக்கும், பேட்டரி படுத்தால் எத்தனை உதை உதைத்தாலும் முழங்கால்தான் போகும். பிளக் என்ஜிகே பி8ஹெச்எஸ்.

கோரையாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஏழு வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

கிராங்க்கைப் பிரித்தோம். இடது ஓரப் பேரிங் இரண்டு முழுக்கத் துரு, ராடு நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் மாற்றிவிட்டேன். கும்பகோணம் அண்ணன் பட்டறையிலேயே அழுத்தி டயலில் காட்டினார், முள் நூலிழைதான் ஆடியது. சிலிண்டர் ஏற்கெனவே ஒரு முறை போர் அடித்து 64.25ல் இருந்திருக்கிறது. சித்தப்பாவுக்கே நினைவில்லை, சித்திதான் '92ல் வேளாங்கண்ணி போய்விட்டு வரும் வழியில் நின்றுபோய் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோமே' என்று எடுத்துக் கொடுத்தார். இப்போது 64.50. மாதிரி பிஸ்டன்தான். முதல் ஜோடியில் ஒன்று அளவு தப்பி இருந்தது, கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.

அந்த 26 ஆயிரம் பெட்டியில் நான் கடைசியில் வாங்கியது பிஸ்டனும் பிரேக் ஷூவும் மட்டும். சீல் தனியாக, பேரிங் கடையில் அளவு சொல்லி நல்ல கம்பெனியில் வாங்கினேன். அந்தப் பெட்டியில் இருந்த சீல் உறையில் ஜப்பான் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, உற்றுப் பார்த்தால் மேட் 'ஆஸ்' ஜப்பான். சைலன்சர் பழையதுதான், திருத்துறைப்பூண்டியில் ஒட்டுப் போட்டு வாங்கினேன். டிஸ்க் போடவில்லை. டிரம்மைத் திறந்து பார்த்ததில் உள்ளே இரண்டு ஷூவும் தனித்தனியாகத் தள்ளுகிற ஏற்பாடு இருக்கிறது, இரண்டையும் இணைக்கும் கம்பியை யாரோ கோணலாக மாட்டியிருந்ததால் ஒரு ஷூதான் இத்தனை நாளும் பிடித்திருக்கிறது. அதைச் சரி செய்ததும் பிரேக் பரவாயில்லை, தஞ்சை அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சீல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வேலை செய்தேன், யாருக்காவது உதவும். புகைக் குழாய் வாயையும் கார்பரேட்டர் வாயையும் சைக்கிள் டியூப் துண்டும் தகடும் வைத்து இறுக்கி மூடினேன். வீட்டில் சித்தப்பாவுக்கு பி.பி. பார்க்கும் கருவி இருக்கிறது, அதன் குழாயை ஒரு பழைய பிளக்கில் ஓட்டை போட்டுச் சொருகி, பல்பை அழுத்தி முள்ளை 300ல் நிறுத்தினேன். ஆறு நிமிடம் அசையக் கூடாது. முதல் தடவை சரசரவென்று இறங்கியது, சோப்பு நுரை தடவிப் பார்த்தால் சீல் இல்லை, என் சைக்கிள் டியூப்தான் ஒழுகியது. இரண்டாம் தடவை நின்றது. சித்தப்பா கட்டிலில் படுத்துக்கொண்டே 'என்னடா, அதுக்கும் பிரஷரா' என்று கேட்டார்.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் சாயங்காலம் ஸ்டார்ட் செய்தோம். ஆயில் பம்பில் காற்று இருக்கலாம் என்று பயந்து முதல் டேங்க்குக்குப் பெட்ரோலிலும் ஆயில் கலந்துவிட்டேன், அதனால் ஒரே புகை, எதிர்வீட்டு அத்தை கொசு வண்டி வந்துவிட்டது என்று ஜன்னலைச் சாத்தினார். ஏழாவது உதையில் பிடித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர். திரும்பிப் பார்த்தால் சித்தப்பா திண்ணையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார், முகத்தில் ஒன்றும் இல்லை. 'வலது பக்கம் பின்தங்குது' என்றார். எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. சரி, பெரியவர் சொல்கிறாரே என்று மறுநாள் கேஜ் இரவல் வாங்கி இறக்கினால் இடது 2 மில்லிமீட்டர், வலது ஒன்றரை. பாயிண்ட் பிளேட் திருகு ஒன்று நான் இறுக்கும்போது நகர்ந்திருக்கிறது.

அதைச் சரி செய்துவிட்டு நேற்றுக் காலையில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நீடாமங்கலம் மூணாறு தலைப்பு வரை போய்விட்டு வந்தேன். வண்டி புதிது மாதிரி பழக வேண்டும், ஐம்பதைத் தாண்டாதே என்று எல்லோரும் சொன்னீர்கள், நானும் தாண்டவில்லை, போகிற வழி முழுக்க இவர்தான் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார். தலைப்பில் இறங்கித் தண்ணீர் மூன்றாகப் பிரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சத்தம் எப்படி என்று கேட்டேன். 'இப்ப சரி, ஆனா ஹாரன் நம்மளது இல்லையே' என்கிறார்.

உண்மைதான், பழைய ஹாரன் செத்துவிட்டதால் கையில் கிடைத்ததை மாட்டியிருந்தேன். அந்தக் காலத்து ராஜ்தூத் ஹாரன், வேலை செய்வது, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். மாதிரி வேண்டாம்.